வாய்க்கு வராத பாஸ்வேர்டு

பரதநாட்டிய உடுப்பில் விசிறி மடிப்பு கலையாமலிருக்க ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு மடிப்பு தைத்தால் இரண்டு வரி எழுதலாம். தையலில் ஊசி தவறினால் நம் விரலோடு போய்விடும், இன்டர்நெட் தொழிலில் விரல் தவறினால் அமெரிக்கா வரைக்கும் குத்தும். முன்பின் தெரியாதவர்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என் போன்றவர்களே, இது உங்களுக்காகத்தான்.

நாற்காலி

மயிலாப்பூரில் நாட்டிய உடுப்பு தைக்கும் கோமதி மாமி கடையில் நான் கொக்கி வைக்கிறவள். படிப்பு எட்டாவதோடு சரி. யாராவது கடைக்குள் வந்தால் துணிக்குவியலுக்குப் பின்னால் போய்விடுவேன். போன வருஷக் கடைசியில் மாமி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வெளிநாட்டில் தங்கள் பெண்களை நாட்டிய வகுப்புக்கு அனுப்பும் அம்மாக்களெல்லாம் இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், ஒருத்தி எழுதினால் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடை சார்பாக அதில் எழுத ஆள் வேண்டும். கடைத் தையல்காரர்கள் இருவரும் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்கள். இங்கிலீஷ் எழுத்து தெரிந்த மீதி ஆள் நான்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தது. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எனக்கென்று யாரும் நாற்காலி போட்டதில்லை. ஆசையாக உட்கார்ந்தேன். மாமி உடனே சொன்னார்: “நவராத்திரிக்குள்ள ஒரு ஆர்டராவது வரணும்டி செல்வி. இல்லேன்னா மிஷினை வித்துட்டு நாற்காலியை ஆத்துக்கு எடுத்துண்டு போயிடுவேன். நீ உன் கொக்கிக்கே போயிக்கோ.”

எல்லார் மாமியாரும் நலமா?

கற்றுக்கொள்ள தி.நகரில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார். ஷீலா மிஸ் என்னைவிடச் சின்னவள். அவள் சொன்ன முதல் பாடம் பாஸ்வேர்டு. “நீங்க யார்கிட்டயும் வாய் திறந்து சொல்லாத வார்த்தையா வைங்க அக்கா.” அப்படி ஒரு வார்த்தை, கல்யாணம் ஆன நாளிலிருந்து, என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையே வைத்தேன். தட்டும்போதே முகம் சூடாகிவிட்டது.

அடுத்தது குழுவுக்கு அறிமுகக் கடிதம். புரொஃபஷனலாக இருக்கணும் என்றாள். நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு எழுதினேன். முன்பின் தெரியாதவர்களிடம் எடுத்த எடுப்பில் வியாபாரம் பேசினால் மரியாதையாகவா இருக்கும்? உங்கள் நலம், குழந்தைகள் நலம், மாமியார் நலம், அங்கே மழை உண்டா என்றெல்லாம் கேட்டு அனுப்பினேன். மிஸ் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்: “எல்லார் வீட்டு மாமியாரையும் விசாரிச்சீங்க, அக்கா. உங்க கடையில என்ன விக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!”

ராகுகாலம்

மாமி ராகுகாலத்தில் பில்கூடப் போடமாட்டார். மெயில் மட்டும் போடலாமா? ஆனால் இங்கே காலை என்றால் நியூ ஜெர்சியில் ராத்திரி. யாருடைய ராகுகாலத்தைப் பார்ப்பது? நான் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மாமி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “அனுப்பறச்சே நம்ம ராகுகாலம் இல்லாம பார்த்துக்கோ. பிரிக்கறது அவா பாடு.”

ஊரறிந்த இடுப்பு

நியூ ஜெர்சியில் இருக்கும் லதா என்ற அம்மாள், தன் பெண்ணுக்கு ஏற்கெனவே எங்களிடம் தைத்தவர், மறுபடி ஒரு அளவு அனுப்பி விலை கேட்டிருந்தார். பார்த்தால் இடுப்பு ஒரே வருஷத்தில் ஏகத்துக்கு ஏறியிருந்தது. தப்பாகத் தைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், “இடுப்பு இவ்வளவு கூடியிருக்கிறதே, வயசுப் பெண்ணுக்கு இது சரியா, டேப்பை இறுக்கிப் பிடித்து இன்னொரு தடவை அளக்கவும்” என்று எழுதினேன். லதாவுக்கு மட்டும் போகிற பட்டனைத் தட்டியதாகத்தான் நினைத்தேன். போனதோ குழு முழுவதற்கும்.

அன்றைக்குப் பூரா துணிக்குவியலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுதேன். மாமி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாள் லதா பதில் போட்டிருந்தார், அதுவும் குழு முழுவதற்கும்: “செல்வி மேடம், அது என் பொண்ணோட அளவு இல்லை, என்னோடது. கல்யாணத்தோட விட்ட டான்ஸை யாருக்கும் தெரியாம மறுபடி ஆடலாம்னு இருந்தேன். இப்ப நாலு கண்டத்துக்கும் தெரிஞ்சுபோச்சு.”

திருப்பதி சாமி பெயர்

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ‘எங்க அளவுக்கும் தைப்பீங்களா? பதிலை எனக்கு மட்டும் போடவும்’ என்று ஒவ்வொரு அம்மாவாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் ஒரு டீச்சர், தன்னிடம் ஆட வரும் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் நவராத்திரி நிகழ்ச்சிக்கு உடுப்பு வேண்டும், அளவுகளை மெயிலில் அனுப்புகிறேன், அன்று சாயங்காலத்துக்குள் மெயிலிலேயே சம்மதம் எழுதாவிட்டால் வேறு கடை பார்ப்பேன் என்று மாமிக்குப் போன் போட்டார். பார்த்து, அன்றைக்கென்று என் குழந்தைக்கு அம்மை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. நான் படி தாண்டக் கூடாது.

கடையின் ஒரே போன் லைன் இன்டர்நெட்டில் மாட்டியிருந்ததால் மாமி பக்கத்து மருந்துக்கடையிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். அந்த அக்கா ரிசீவரை ஜன்னல் வழியாக நீட்டினார். “பாஸ்வேர்டைச் சொல்லுடி!”

“எங்க வீட்டுக்காரர் பேரு மாமி.”

“உன் ஆத்துக்காரன் பேரு எனக்கென்ன தெரியும்? சொல்லு!”

எப்படிச் சொல்வேன்? புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். “திருப்பதி சாமி பேரு மாமி” என்று மட்டும் சொன்னேன். வெங்கடேசன் என்று மருந்துக்கடையிலிருந்து குரல் போயிற்று. இடையில் நின்ற வாடிக்கைக்காரர்கள் வாய் மாற்றி வாய் மாற்றிக் கடைக்குள் கடத்த, அங்கே தையல்காரர் ஒருவர் தட்டிப் பார்த்தார். மிஷின் ஏற்கவில்லை. சீனிவாசன், கோவிந்தன், பாலாஜி, ஒன்றும் இல்லை. “பெருமாளுக்கு ஆயிரம் நாமம்டி, சாயங்காலம் ஆயிடும்!” என்று மாமி அலறினார். எழுத்து எழுத்தாகச் சொல்லேன் என்றார். இரண்டு எழுத்துக்குள் முழுப் பெயரும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவைச் சொல்லச் சொல்லலாம் என்றால், அவர் மாமனார் பெயரும் அதுவேதான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். என் நாற்காலி மாட்டுவண்டி ஏறி மாமி வீட்டுக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் சாப்பாட்டுக்கு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்காரரே வந்து சேர்ந்தார். “இன்னாமே, ஜன்னலாண்ட நின்னு அய்துக்கினு கீறே?” விஷயத்தைக் கேட்டார், ரிசீவரை வாங்கினார். “ஏழுமலைம்மா!” என்று கத்திவிட்டு, லைசென்சில் இருக்கிறபடி இங்கிலீஷ் எழுத்துகளை வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கம் மருந்துக்கடையில் யாரோ கைதட்டினார்கள். மிஷின் திறந்துகொண்டது, சிங்கப்பூருக்குச் சம்மதம் போயிற்று. அவர் ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “என்னாண்ட ஒரு தபா சொன்னதில்ல, மிஷினாண்ட தெனிக்கும் சொல்லிக்கினு கீறியே!”

ஆக, என் புரொஃபஷனல் அனுபவம் இவ்வளவுதான்: சொல்லக் கூடாததை ஒரே தட்டில் நாலு கண்டத்துக்கும் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டிய ஒரே ஒரு பெயரை மட்டும் இன்றுவரைக்கும் வாய்விட்டு நான்... “செல்வி! சிங்கப்பூர்லேர்ந்து அளவு வந்திருக்குடி, வந்து உன் நாற்காலில உக்காரு!” இதோ வந்துட்டேன் மாமி, இந்த ஒரு மடிப்பை மட்டும்...