துண்டில் நான் எழுதிய டிவிஷன்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சில வாசகர்கள் போன் செய்து கேட்டார்கள். எங்கே போயிருந்தேன்? மஸ்கெலியாவுக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு. அண்ணியை அடக்கம் செய்ய.

எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பிழை விட்டது நான் ஒருவன். அதை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

'டிவிஷன்' என்ற வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாதவர்கள்கூட எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வார்த்தை. ஒரே தோட்டம்தான். அதற்குள் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன். குடியிருக்கத் தனித்தனி லயங்கள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தனித்தனிப் பெரட்டுக்களம், தனித்தனி மாரியம்மன்! புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்கும் முன்னே "எந்த டிவிஷன்?" என்போம். பெண் பார்க்கப் போனாலும் அதே கேள்வி. கிரிக்கெட்டில் டிவிஷன் மானத்தைக் காக்கப் போய் வாங்கிய தழும்பு என் நெற்றியில் இன்னும் இருக்கிறது. இது போதாதென்று அரசாங்கமும் தன் பங்குக்குக் கிராம சேவகர் பிரிவு என்று ஒன்றை வைத்திருக்கிறது. இரண்டையும் குழப்பித் திரும்பி வந்த விண்ணப்பங்கள்தான் எத்தனை...

மயானமும் டிவிஷனுக்கு ஒன்று.

அண்ணன் கீழ் டிவிஷனில் இருந்தபோது இறந்தார். அங்கேயே புதைத்தோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. அண்ணியையும் மகள் செல்வியையும் மேல் டிவிஷனுக்கு மாற்றினார்கள். பதினோரு வருஷம் அண்ணி அங்கே இருந்தார். ஆனால் அண்ணனின் திதி வந்தால் முக்கால் மணி நேரம் மலை இறங்கிப் போய், அவரைப் புதைத்த மேட்டில் புல் செதுக்கிவிட்டு வருவார். மயானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்களிடம் இல்லைதான். அண்ணியிடம் அதை யார் சொல்வது?

ஒருமுறை நானும் கூடப் போனேன். அண்ணனின் மேட்டுக்குப் பக்கத்தில் நான்கு மூலைக்கு நான்கு கல் நட்டிருந்தது.

"இது என்னங்க அண்ணி?"

"எனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன் தம்பி. வேற யாராச்சும் வந்து படுத்துட்டா என்னா செய்யுறது?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணி இறந்த செய்தி கிடைத்து, அன்று மாலையே ஹட்டனிலிருந்து போய்ச் சேர்ந்தேன். மறுநாள் பிற்பகல் அடக்கம். செல்வி கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தாள். குடும்பத்தில் படித்தவன் நான்தானே? காலையில் தோட்ட ஆபீசுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். குழி வெட்டுகிற நாலு பேருக்கும் தோட்டம் அன்றைக்கு வேலை செய்ததாகப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்கும். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டும். இறந்தவர் பெயர். வயது. அடக்கம் செய்யும் டிவிஷன்.

'மேல் டிவிஷன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அப்படி எழுதினேன்? பதினோரு வருஷமாக அண்ணிக்கு நான் நிரப்பாத படிவம் இல்லை. அடையாள அட்டை, சேமலாப நிதி, கிளினிக் கொப்பி... எல்லாவற்றிலும் மேல் டிவிஷன். கை தானாக எழுதிவிட்டது. கேள்வியை நான் வாசிக்கவே இல்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குச் செல்வி வந்தாள். அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, கீழ போற பாதை மழைக்கு வழுக்குமே. தூக்குறதுக்கு ஆள் போதுமா?"

அப்போதுதான் அந்த நாலு கல்லும் ஞாபகத்துக்கு வந்தன. மேல் டிவிஷன் மயானத்துக்கு ஓடினேன். குழி வெட்டி முடித்து, மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கீழே வேறு குழி வெட்டலாமா என்று டிவிஷன் தலைவரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டார்.

"வெட்டுன குழிய சும்மா மூடக்கூடாதுங்க. அது இன்னொரு ஆளக் கேக்கும். லயத்துல கைப்புள்ளைங்க இருக்குதுங்க... நான் எப்புடிங்க சரின்னு சொல்றது?"

மூடநம்பிக்கையை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கிண்டலடித்திருக்கிறேன்! லயத்து வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என்ன வாதாடுவது?

செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"சரி... விடுங்க சித்தப்பா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வேலை வாங்குவதற்காக வெள்ளைக்காரத் துரை மலையில் ஒரு கோடு போட்டான். அவன் போய் எவ்வளவு காலமாகிறது? செத்த பிறகும் அந்தக் கோட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறோம். ஆனால் துரையைத் திட்டி நான் தப்பிக்க முடியாது. துண்டில் இருப்பது என் கையெழுத்து.

கருமாதி முடிந்த மறுநாள் கீழ் டிவிஷனுக்குத் தனியாக இறங்கிப் போனேன். நாலு கல்லும் அப்படியே இருந்தன. நடுவில் புல் வளர்ந்திருந்தது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அண்ணி செய்வதுபோல அவர் மேட்டைச் செதுக்கினேன். அந்த நாலு கல்லுக்கு நடுவிலும் செதுக்கிவிட்டு, அழுதுகொண்டே ஏறி வந்தேன்.

அண்ணி வீட்டில் மரணச் சான்றிதழுக்கான விண்ணப்பம் மேசைமேல் கிடந்தது. பழக்கம் போகுமா? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

செல்வி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க இருங்க சித்தப்பா. நானே எழுதிக்கிறேன்."

ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்து, இரண்டு இரண்டு தடவை வாசித்தாள்.