விமலேஸ்வரி வைத்த ரசம்

புளியங்குளத்து விமலேஸ்வரியின் குசினியில் வீணாய்ப் போனது என்று ஒன்றும் கிடையாது. மீன் கழுவிய தண்ணீர் புடலங்கொடிக்கு, மிஞ்சிய சோறு காலையில் பழஞ்சோற்றுக்கு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் ஒரு பிடி அரிசியில் நாலு பேருக்குக் கஞ்சி காய்ச்சியவள். அந்தக் கை எதையும் கொட்டப் பழகவில்லை.

கணவர் கதிர்காமநாதனுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதும், மீன், இறைச்சி, கருவாட்டை விட்டு மரக்கறிக்கு மாறும்படி கிளினிக்கில் சொன்னார்கள். மரக்கறியையும் சிறிதாய் வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, வடித்துத்தான் சமைக்க வேண்டும். உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறினால் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க நேரிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து விமலேஸ்வரிக்கு ஒரே பயம். சொன்னதை இம்மியும் பிசகாமல் செய்தாள்.

கருவாடில்லாத சோற்றை மனிதர் பெருமூச்சோடு விழுங்கினார். அவள் வைத்த ரசத்தை மட்டும் மூன்று தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த மாதம் கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் ஏறியிருந்தது. தாதி தயாளினி திகைத்துப்போனாள்.

"அன்ரி, என்னென்ன குடுக்கிறனீங்கள்?"

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் பிள்ளை. அவிச்சு வடிச்சுப்போட்டுத்தான் கறி."

"ரசத்தையும் சொல்லுமன். அதுதான் திறம்," என்று கதிர்காமநாதன் மனைவிக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

"ரசமோ? என்னத்தில வைக்கிறனீங்கள்?"

"வடிச்ச தண்ணியிலதான். சத்தெல்லாம் அதிலயெல்லோ இறங்கியிருக்கு!"

தாதி தலையில் கைவைத்தாள். "ஐயோ அன்ரி, அந்தச் சத்து அவருக்குக் கூடாதெண்டுதானே வடிக்கச் சொன்னனாங்கள்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. டாக்டர் மருந்தை மாற்றி, இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னார். கண்ணுக்குள் வைத்துப் பார்த்த மனிதருக்குத் தன் கையாலேயே வருத்தத்தைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டாளே! பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள். "நல்லாயிருக்கெண்டு நானெல்லோ கேட்டுக் கேட்டுக் குடிச்சனான்," என்று அவர் தேற்றியது அழுகையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

மத்தியானம் பயிற்றங்காயை அவித்து வடித்தாள். சட்டித் தண்ணீரோடு குசினி வாசலில் நின்றாள். ஊற்றக் கை வரவில்லை.

"மாட்டுக்கு வையுமன்," என்றார் அவர்.

"பேசாம இருங்கோ. மாட்டுக்கும் கிட்னி இருக்கெல்லோ!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு முற்றத்து மண்ணில் ஊற்றினாள்.

"சத்துப் போனால் போகட்டும்," என்றாள். "எனக்கு நீங்கள் வேணும்."