பின்னறையில் நடந்த கட்டைச் செருப்பு

மலாய் நாடு சுதந்திரம் அடையச் சில மாதங்கள் இருக்கும்போது, மலாக்காவில் காஜா பேராங் தெருவில் இருந்த எங்கள் டோபிக் கடையின் பின்னறையில் செத்துப்போன ஒருவர் நடக்க ஆரம்பித்தார். அப்படித்தான் நாங்கள் நம்பினோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை.

கடையில் நாங்கள் மூன்று பேர். மாமியார் முன்பக்கம் உட்கார்ந்து துணி வாங்குவார், கொடுப்பார். என் கணவர் சைக்கிளில் செமாபோக் வரைக்கும் போய்த் துணி எடுத்து வருவார். பின்னறையில் கரியடுப்பு மூட்டி, கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுவது என் வேலை. அந்த ஆண்டு வெள்ளை உடுப்புகள் வந்து குவிந்தன. ஊர்வலத்துக்கு, அணிவகுப்புக்கு, பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவுக்கு என்று எல்லாருக்கும் கஞ்சி போட்டு விறைப்பாக வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை அந்த அறைதான்.

எங்களுக்கு முன் அந்த வீட்டில் குடியிருந்தவர் ஒரு சீனக் கிழவர், செருப்புத் தைக்கிறவர். பின்னறையில்தான் இறந்தாராம். வீட்டுக்குள் எப்போதும் கட்டைச் செருப்புப் போட்டு நடப்பாராம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது சத்தம் கேட்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பகல் இரண்டு மணிக்கு மேல்தான் வரும். டக்... டக்... டக்... முதுகுக்குப் பின்னால் யாரோ நிதானமாக நடப்பது போலிருக்கும். திரும்பினால் ஒன்றும் இருக்காது. கடைக்கண்ணில் வெளுப்பாக ஏதோ விலகிப் போகும். நெஞ்சை ஒரு கை அழுத்தும். தலை இரண்டாகப் பிளக்கும். 

கணவர் வந்து சிறிது நேரம் அறையில் நின்று பார்த்தார். "ஒண்ணும் கேக்கலியே. நீ பயந்துக்கிட்டு இருக்க, அதான்" என்றார். மாமியார் நம்பினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். பின் தெருவில் இருந்த, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி வீட்டு அம்மா மலாயில், "அந்தக் கிழவர் நல்ல மனுஷர், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்" என்று சொல்லியும் மாமியார் மனம் ஆறவில்லை.

கணவர் ஆசையாக வளர்த்த மெர்போக் புறா ஒன்று அந்த அறையில் கூண்டில் தொங்கும். ஒரு நாள் மாலை அது கூண்டின் அடியில் செத்துக் கிடந்தது. அன்றைக்கே மாமியார் முடிவு செய்துவிட்டார்.

"மொதல்ல பேயோட்ட ஒரு போமோவைக் கூட்டிட்டு வந்து பார்ப்போம். சரியாவலன்னா இவள அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பிருவோம். கொஞ்ச நாளு அங்க இருக்கட்டும்."

என் அப்பா வீடு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தது. பேய் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்ட பெண் என்று அங்கே பெயர் விழுந்தால் ஆயுசுக்கும் போகாது. நான் அடுத்த துணியை எடுத்து இஸ்திரி போட்டேன்.

மறுநாள் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டபோது பெட்டி கையிலிருந்து நழுவியது. ஒரு வெள்ளைக் கால்சட்டையில் முக்கோணமாகத் தீய்ந்த தழும்பு விழுந்தது. அது ஆஸ்பத்திரி டிரஸருடையது. நோயாளிகளுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, டாக்டர் இல்லாத நேரத்தில் பாதி டாக்டராக இருப்பவர். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். இன்னொரு பெயரும் அவருக்கு இருந்தது, பேய்க்கார டிரஸர். எங்கே பேய் என்று கேள்விப்பட்டாலும் ஓய்வு நாளில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வீட்டில் அழுத குரலை, கவிழ்த்து வைத்த சாடிக்குள் மாட்டிய தவளை என்று கண்டுபிடித்தார். அந்த வீட்டார் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை என்றும் சொல்வார்கள்.

துணி வாங்க வந்து கால்சட்டையைப் பார்த்தவர் கோபப்படவில்லை. "எப்படி ஆச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்து நிற்க, மாமியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தழும்பை மறந்து அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"நீங்க சொல்லாதீங்கம்மா. அவங்க சொல்லட்டும்" என்றார் மாமியாரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எத்தன மணிக்குக் கேக்குது?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம?"

யோசித்தேன். ஞாயிறு கடை அடைப்பு. அன்றைக்கு நான் மாடியில்தான் இருப்பேன். "கேட்டதில்லைங்க."

"எப்பலேர்ந்து?"

"ரோட்டு வேல ஆரம்பிச்சதுலேர்ந்து..." என்று சொல்லி நானே நிறுத்தினேன்.

பின் சந்தில் ரோடு போடுவதற்கு மண்ணைக் கிளறியிருந்தார்கள். வெள்ளைத் துணியில் செம்மண் தூசி படியக்கூடாது என்று கணவர் அந்த அறையின் ஒரே ஜன்னலைச் சாத்தி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சாக்கை அடைத்திருந்தார். டிரஸர் எழுந்து போய் அதைப் பார்த்தார். கரியடுப்பையும் பார்த்தார். புறா தொங்கிய இடம் எது என்று கேட்டார். அவ்வளவும் எழுதினார்.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். 

"இல்லம்மா. உங்களுக்குக் கேக்குது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. யாரு நடக்குறாங்கன்னுதான் பாக்கணும்."

அத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு நாள் கழித்துத் தம் ஓய்வு நாளில் நண்பகலுக்கு முன்பே வந்தார். பின்னறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். மாமியார் வாசற்படியில் காவலுக்கு நின்றார். "வழக்கம் போல வேல செய்யுங்க" என்றார். நான் செய்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணி, ஒன்றரை மணி. இரண்டு தாண்டியதும் எனக்குக் கேட்டது. டக்... டக்...

"வந்திருச்சிங்க."

"சரி. இஸ்திரிய ஓரமா வைங்க. அடி எடுத்து வைக்கிற சத்தம் கேக்குறப்பல்லாம் மேசையில வெரலால ஒரு தட்டுத் தட்டுங்க." பிறகு மாமியாரைப் பார்த்து, "அம்மா, இவங்க கையப் புடிச்சி நாடி பாக்கணும். பாக்கலாமா?" என்றார்.

மாமியார் ஒரு கணம் தயங்கி, "பாருங்க தம்பி" என்றார்.

இடது கையைப் பிடித்தார். வலது கை விரலால் நான் தட்டினேன். டக். டக். டக். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நடை வேகமா ஆவுதா?" என்று கேட்டார். ஆமாம், ஆகிக்கொண்டிருந்தது. என் பயம் ஏற ஏற அதுவும் வேகமாக நடந்தது. விரலும் வேகமாகத் தட்டியது.

அவர் கையை விட்டுவிட்டு எழுந்தார். எழுந்தவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. "எல்லாரும் வெளிய வாங்க" என்று சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய், கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கும் புடிச்சிருச்சி!" என்று மாமியார் கூவினார். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆமாம்மா, புடிச்சிருச்சி" என்றார் டிரஸர், தலையை நிமிர்த்தாமலே. "நல்லதாப் போச்சி. இல்லாட்டி நானே நம்பியிருக்க மாட்டேன்."

தண்ணீர் குடித்துச் சிறிது தெளிந்த பிறகு சொன்னார். மூடிய அறையில் கரி எரிந்தால் ஒரு விஷக் காற்று வந்து, நேரம் போகப் போகச் சேரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலைவலி, நெஞ்சடைப்பு, கண்ணில் தோற்றங்கள் எல்லாம் அதனால்தான். அடைமழைக் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிய ஒரு குடும்பத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"அந்தச் சத்தம்?" என்றேன்.

"அது உங்க நெஞ்சு அடிக்கிற சத்தம் தங்கச்சி. காதுல கேக்குது. நாடியும் நீங்க தட்டுனதும் ஒண்ணாத்தான் போச்சி, ஒண்ணுகூடத் தப்பல."

நான் அழுதேன். பயத்தில் அல்ல. இத்தனை நாளும் என் நெஞ்சுதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்ததில் வந்த அழுகை.

கணவர் அன்று மாலை வந்ததும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜன்னலத் தொறந்தா தூசி படியுமே சார். அத்தனையையும் திரும்ப வெளுக்கணுமே."

"துணிய வெளுத்துக்கலாம் லா" என்றார் டிரஸர். "புறா செத்துப்போச்சி. அடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?"

கணவர் பின்பக்கம் போனார். சாக்கை இழுத்து எறியும் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவையே கழற்றிவிட்டார். கரியடுப்பு கொல்லைக்குப் போனது. இஸ்திரி மேசையை அவரே தூக்கி வந்து முன்பக்கம் மாமியாருக்குப் பக்கத்தில் போட்டார். அன்று என்னிடம், "நான் உன்ன நம்பியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொல்கிற ஆளில்லை. அதற்கும் டிரஸருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் டிரஸர் தினமும் இரண்டு மணிக்கு வந்து, "நடக்குதா?" என்று கேட்டு, இல்லை என்பதை எழுதிக்கொண்டு போனார். சுதந்திர ஊர்வலத்தன்று தெருவெல்லாம் வெள்ளை உடுப்பு போனது. அதில் எது எது என் கை பட்டது என்று மாமியார் எனக்குக் காட்டிக்கொண்டே நின்றார்.

மாமியார் பேயை நம்புவதை விடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையார் கோவிலில் டிரஸர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தார். ஒரு நாள் கடையிலேயே அவரை மறித்து, "தம்பி, ஒங்க நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார்.

"எனக்கு அதுல நம்பிக்க இல்லம்மா. தெரியவும் தெரியாது."

"ஒங்களுக்கு இல்லாட்டிப் பரவால்ல. எனக்கு இருக்கு" என்றார் மாமியார். "பொறந்த தேதியாவது சொல்லுங்க, ஐயரக் கேட்டுக்கறேன்."

டிரஸர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. சிரித்துக்கொண்டே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியை எழுதி மாமியார் கையில் கொடுத்தார்.