மின்னசோட்டாவில் கடல் உண்டா?

அக்காவுக்கு மின்னசோட்டாவிலிருந்து வரன் வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை. பட்டினப்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்களுக்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அம்மா அந்த மீனைக் கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டில் வைத்து விற்பாள். அக்கா அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையன் ஒன்றும் வேற்று ஆள் இல்லை. அவன் தாத்தா காசிமேட்டில் வலை இழுத்தவர். அவன் அப்பா துறைமுக வேலைக்குப் போய், வேளச்சேரியில் வீடு வாங்கி, பையனை இன்ஜினியராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். அக்காவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கைப்பேசி அந்த நாட்களில் எப்போதும் முழு சார்ஜில் இருந்தது, எனக்கு அது போதும்.

நைனாவுக்குத்தான் மனசு வரவில்லை. பையனின் படிப்பையும் சம்பளத்தையும் எல்லோரும் விசாரித்துக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த ஊர்ல கடல் கீதா?"

இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கடல் இல்லாத ஊர்ல எம் பொண்ணு எப்டிம்மா இருப்பா? உப்புக் காத்து படாம அதுக்குத் தூக்கமே வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசாததால் அவளுக்குச் சம்மதம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

வீடியோ கால் எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அங்கே பொழுது விடிந்ததும், பையன் கூப்பிட்டான். கைப்பேசியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நைனாவின் மனக்குறை யார் மூலமோ அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும், அந்த மாநிலத்தையே தான் கட்டி விற்பவன் போலப் பேச ஆரம்பித்தான். கூரைக்கு அடியிலேயே ராட்டினம் சுற்றும் மால் இருக்கிறதாம். தோட்டத்துக்குப் போய் ஆப்பிளை நாமே பறித்துக்கொள்ளலாமாம். கோடைக் கடைசியில் ஒரு திருவிழா வருமாம். தின்கிற பண்டம் அத்தனையையும் குச்சியில் குத்தி விற்பார்களாம், வெண்ணெயில் பெண்களின் தலையைச் செதுக்கி வைப்பார்களாம்.

"அப்றம் அந்த வெண்ணெய இன்னா பண்ணுவாங்க?" என்று அடுப்பங்கரையிலிருந்து அம்மா கேட்டாள். அவன் பேச்சை ஆப்பிளுக்கே திருப்பிவிட்டான்.

நைனா எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் பையன் தன் பெரிய சரக்கை அவிழ்த்தான்.

"மாமா, கடல் இல்லன்னு நீங்க கவலையே படாதீங்க. வடக்குப் பக்கம் ஒரு ஏரி இருக்கு. பேருதான் ஏரி. அக்கரை தெரியாது. அலை அடிக்கும், கப்பல் போகும். புயல் வந்தா கப்பலே முழுகிடும், அவ்ளோ பெருசு!"

படத்தையும் அனுப்பினான். நைனா கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அடேங்கப்பா! ஐப்பசி மாசத்து அல கணக்கா கீதே!" என்றவர், பேச்சு முடிவதற்குள் அவனை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

கைப்பேசியை வைத்ததும் அம்மா வெளியே வந்தாள். "இந்த எடம் வேணாம். வேற பாக்கலாம்" என்றாள்.

எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதுவரை வேண்டாம் என்றவர் வேண்டும் என்கிறார், சும்மா இருந்தவள் வேண்டாம் என்கிறாள். அந்த வாரம் முழுக்க நைனா மின்னசோட்டாவுக்காக வாதாடினார். ஏன் வேண்டாம் என்று கேட்டால், "வேணாம்னா வேணாம்" என்பதற்கு மேல் அம்மாவிடமிருந்து ஒரு சொல் வராது. அக்கா சாப்பிட்டும் சாப்பிடாமலும் டூட்டிக்குப் போய் வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நம் கடலில் வருவதைவிடப் பெரிய அலையெல்லாம் அந்த ஏரியில் வரும் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் முறைத்த முறைப்பில் மீதி விளக்கத்தோடு மாடிப்படி இறங்கி ஓடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பையன் மறுபடி கூப்பிட்டான். வெள்ளை வெளேர் என்ற ஒரு பரப்பில் நின்றுகொண்டிருந்தான். காலுக்குக் கீழே இருப்பது தன் ஊர் ஏரி, உறைந்துபோயிருக்கிறது என்றான். அதன்மேல் ஒரு சின்னக் குடிசை. உள்ளே ஒரு வெள்ளைக்காரர் நாற்காலி போட்டு, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, காபி குடித்தபடி தூண்டில் விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கும்போதே ஒரு மீன் மாட்டியது. அதைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அந்த ஓட்டைக்குள்ளேயே விட்டுவிட்டார்.

"புடிச்ச மீன உட்டுட்டானா!" நைனா எழுந்தே விட்டார். "கொழம்புக்கு இன்னா பண்ணுவான்?"

"அவரு ஸ்கூல் வாத்தியாரு மாமா. இது சும்மா பொழுதுபோக்கு."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, முதல்முறையாகக் கைப்பேசியைத் தன் கையில் வாங்கினாள்.

"தம்பி, நீ அந்தப் பெரிய ஏரிக்குப் போவியா? போட்டுல கீட்டுல ஏறுவியா?"

பையன் குல்லாயைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நைனாவின் முகம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"இல்ல அத்தை... எனக்கு நீச்சல் தெரியாது."

நைனா தலையில் அடித்துக்கொண்டார். காசிமேட்டு வலைக்காரர் பேரனுக்கு நீச்சல் தெரியாதாம்! அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணம் இத்தோடு போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா சிரித்தாள். "கத்துக்காத" என்றாள். "தண்ணிய நம்பாம பொழைக்கிற ஊரு. எம் பொண்ண அங்கயே குடுக்கறேன்."

மீனைப் பாவம் பார்த்து விட்டுவிட்டார்களே, அந்த இரக்கத்தில்தான் அம்மா இளகிவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் ஒரு வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் எடுத்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

அப்போது எங்கள் வீட்டில் நைனா விடியும் முன்பே கடலுக்குப் போய்விடுவார். திரும்புவது காற்றின் கையில். சில நாள் வெயில் ஏறுவதற்குள் வருவார், சில நாள் உச்சியும் தாண்டிவிடும். அம்மா கூடையோடு கரைக்குப் போய்விடுவாள். பள்ளி இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். மற்றப் பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அம்மா கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பாள், கூப்பிட்டாலும் காதில் விழாது. மீனை மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் விற்கத்தான் இந்த அவசரம் என்று எண்ணிக்கொள்வேன்.

மாதா கோயிலில் கல்யாணம் நடந்து அக்கா போய்ச் சேர்ந்தாள். எங்களுக்குச் சாயங்காலம் ஆகும்போது, அங்கே காலையில், கூப்பிடுவாள். நான் பனியைக் காட்டு, அந்த ராட்டினத்தைக் காட்டு என்று அவசரப்படுவேன். அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள்.

"அவரு வேலைக்குப் போய்ட்டாரா?"

"போய்ட்டாரும்மா."

"எப்ப வருவாரு?"

"அஞ்சரைக்கு."

"நேத்து?"

"நேத்தும் அஞ்சரைக்குத்தாம்மா வந்தாரு."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். அடுத்த முறையும் இதையேதான் கேட்பாள். தெரிந்த பதிலைக் கேட்டுக் கேட்டு நேரத்தை வீணாக்குகிறாளே என்று எனக்கு எரிச்சல் வரும். வேலைக்குப் போன மனுஷன் சாயங்காலம் வீடு திரும்பத்தானே செய்வான், இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.