கேட்க ஆளில்லாத துணி

தையல்காரர் தேவதாசன் வீட்டில் மனுஷர் புழங்க இடமில்லை, ஊரார் துணிதான் புழங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் தையல் மிஷின், வாடிக்கைக்காரர் உட்கார ஒரு பெஞ்சு, பின்பக்கம் குடித்தனம். பரணில் பொட்டணம், கட்டிலுக்கடியில் பொட்டணம், அரிசிப் பானைக்கு மேலே பலகை போட்டு அதிலும் பொட்டணம். ராத்திரி காலை நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் அவர் மனைவி அற்புதமணி நாலு பொட்டணத்தை எடுத்து வேறு இடத்தில் அடுக்க வேண்டும். விடிந்ததும் அடுப்படிக்கு வழி வேண்டும் என்று அதே நாலையும் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். முதலில் இதற்குச் சண்டை போட்டாள். அப்புறம் முணுமுணுத்தாள். இப்போது வாயே திறப்பதில்லை, எடுத்து எடுத்து வைக்கிறாள்.

இவ்வளவு துணி சேர்ந்ததற்குக் காரணம் ஜப்பான்காரன். நாற்பத்திரண்டில், லெந்து நோன்பு நாட்கள் முடிந்தால் கலியாணம் என்று ஊரே துணியைக் கொண்டுவந்து இவரிடம் குவித்திருந்தது. ஈஸ்டர் அன்றைக்குப் பார்த்தா கொழும்பில் குண்டு விழ வேண்டும்! அடுத்தது தூத்துக்குடிதான் என்று எவனோ சொல்லிவிட்டான். அவ்வளவுதான், சட்டிபானையோடு ஜனம் வண்டி கட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரத்துக்கும் எட்டயபுரத்துக்கும் ஓடிற்று. துணியை யார் நினைத்தார்கள்? தேவதாசன் நினைத்தார். "ஊரார் முதலு என் கையில இருக்கு, நான் எங்கன போக?" என்று மிஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குண்டும் விழவில்லை. திரும்பி வந்தவர்கள் தங்கள் துணியைத் தைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வராதவர்கள் துணி வீட்டோடு தங்கிவிட்டது.

உரியவர் வந்து கேட்காமல் ஒரு இணுக்குத் துணிகூட எடுக்கமாட்டார் தேவதாசன் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்கு அப்படியொரு பெருமை. பெருமை இருக்கிறதே, அது பொல்லாத சாமான். அதை வைத்திருக்கிறவரைத் தவிர மற்ற எல்லாரும் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

உலகச் சண்டை முற்ற முற்றத் துணிக்கு வந்த பஞ்சத்தைச் சொல்லி மாளாது. ரேஷன் கார்டுக்கு இவ்வளவு என்று கண்ட்ரோல் வந்தது. கடை வாசலில் விடியுமுன்னே வரிசை. தாயும் மகளும் ஒரே சேலையை வைத்துக்கொண்டு, ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். சண்டை ஓய்ந்தது என்று சொன்ன பிறகும் துணி மட்டும் வந்தபாடில்லை. புதுத்துணி இல்லாத ஊரில் தையல்காரனுக்கு என்ன வேலை? கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கைவசமிருந்த வெட்டுத்துணியெல்லாம் ஒட்டுப் போட்டே தீர்ந்தது.

ஒரு நாள் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற செல்லத்தாய் வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, மவளுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்கு. புள்ளையச் சுத்தி வைக்க வீட்ல ஒரு கந்தகூட இல்ல. ஏதாவது இருந்தா குடுங்களேன்."

தேவதாசனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பரணை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் என் துணி இல்ல தாயி. நாளைக்கு ஆளு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

உள்ளே டர்ரென்று ஒரு சத்தம். அற்புதமணி தன் உள்பாவாடை ஒன்றைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு வந்து செல்லத்தாய் கையில் கொடுத்தாள். புருஷன் பக்கம் திரும்பாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சோறு போடும்போதுதான் பேசினாள். "இன்பமணி கலியாணத்துக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

இன்பமணி அவளுடைய ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அடுத்த வாரம் கலியாணம்.

"என்னளா சொல்லுத? நீ இல்லாம அவன் மாலை போடுவானா?"

"போடுவான் போடுவான். எனக்கு அலுப்பா இருக்கு."

குழம்புச் சட்டியை எடுக்க அவள் திரும்பினாள். முந்தானை விலகிற்று. முதுகில் ரவுக்கை, ஒட்டுக்கு மேலே ஒட்டு, அதுவும் விட்டுப்போய் ஊசிநூலால் இழுத்துக் கட்டியிருந்தது. கொஞ்ச நாளாகத் தலைவலி, தலைவலி என்று அவள் கோயிலுக்கு வராமல் இருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் எந்தப் பெண்பிள்ளைக்குத் தோள்பட்டை இறக்கம் என்று தெரிந்த மனுஷனுக்குத் தன் பெண்டாட்டி முதுகு தெரியவில்லை! சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடானதும் பரணில் ஏறினார். மூட்டை மூட்டையாக இறக்கினார். ரவுக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் பழைய ரவுக்கை ஒன்றை அளவுக்குச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அந்த அளவு ரவுக்கையை விரித்துப் பார்த்தாலே ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். இது தேவிபட்டணத்துக்கு ஓடிப்போன தோணிக்காரர் மகள். அங்கேயே வாந்திபேதியில் செத்துப்போனாள். இது கஸ்டம்ஸ் குமாஸ்தா பெண்டாட்டி. ஓட்டப்பிடாரத்தில் இருக்கிறாள், சொல்லியனுப்பலாம். செத்தவர்கள் துணியைத் தனியாக வைத்தார். இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இத்தனை நாளும் இதை நினைக்காமல் எப்படி இருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அதிலிருந்து இரண்டு முழத்தைச் செல்லத்தாய் பேத்திக்கு என்று எடுத்து வைத்தார். தன் வீட்டுக்கு எடுக்க மட்டும் மனசு வரவில்லை, செத்தவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கடைசியில் ஒரே ஒரு பொட்டணம் மிஞ்சிற்று. அரக்கு நிறச் சீட்டித் துணி, வெள்ளைப் பொட்டு போட்டது, ஒரு ரவுக்கைக்குக் காணும். அளவு ரவுக்கை இல்லை. எப்படி எப்படியோ யோசித்துப் பார்த்தார், யார் கொடுத்ததென்று பிடிபடவில்லை. ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ஆண்டவரே, மன்னியும்" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"ஏளா, இது யார் துணின்னே தெரியல. அளவுக்கும் ஒண்ணும் வைக்கல. கேக்க ஆளில்லாத துணி. உனக்கு ஒரு ரவுக்கை வெட்டிருதேன், நீ கலியாணத்துக்கு வா. என்னைக்காவது ஆளு வந்தா பதிலுக்குத் துணி வாங்கிக் குடுத்துருவோம்."

அற்புதமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என் துணி" என்றாள்.

தேவதாசன் துணியைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க அய்யா கடைசியா எடுத்துக் குடுத்தது. அந்த ஈஸ்டருக்குத் தச்சித் தாங்கன்னு உங்க கையிலதான் குடுத்தேன். ஊரார் வேல முடியட்டும்னு தூக்கிப் போட்டிய."

"அளவு ரவுக்கை..." என்று அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் வாயில் வந்தது.

"குடுக்கதுக்கு இன்னொண்ணு இருந்தாத்தான? போட்டிருந்தத கழத்தியா குடுக்க?"

"பொறவு கேக்கலாம்லா?"

"கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மொதல்ல வெளிய உள்ளவங்க துணி, வீட்டுது எங்க போயிரும்னிய. அதோட விட்டுட்டேன். தெனமும் எடுத்து வைக்கையில கையில பட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். தேவதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முடியாமல் அவசரமாக முன்பக்கம் போய்க் கத்திரியை எடுத்தார்.

அவள் பின்னாலேயே வந்தாள். "இருங்க. மொதல்ல அளவெடுங்க."

"உன் அளவு எனக்குத் தெரியாதாளா?"

"அது அப்ப உள்ள ஒடம்பு. இப்ப அது இல்ல."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து முதுகுக்குப் பிடித்தார். அவர் நினைத்திருந்த இடத்துக்கு வெகு முன்னாலேயே தோள் முடிந்துபோயிற்று. இரண்டாவது தரமும் பிடித்துப் பார்த்தார். அவள் முந்தானையை ஒதுக்கி நின்று கொடுத்தாள்.

"எப்ப தருவிய?" என்றாள்.

"நாளைக்கு..." என்று பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அற்புதமணி வாடிக்கைக்காரர் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தச்சி முடிக்கிறமட்டும் இங்கனதான் இருப்பேன்" என்றாள்.