கம்பி வந்தால் காகம் வரும்

போன கிழமை ஒரு நாள் முழுக்க நான் சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் மொழிபெயர்ப்பாளர். சிரிக்காதீர்கள்! ஒரு மின்சாரக் கம்பனிக்கு ஊர்ச் சனத்தின் கருத்துத் தேவைப்பட்டது. வந்த என்ஜினியர் தில்ருக்ஷிக்குச் சிங்களம்தான், தமிழ் வராது. எனக்கோ இரண்டு பாஷையும் தேவைக்கு அதிகமாகவே வரும்.

விஷயம் இதுதான். சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி கரையோரமாக வரப்போகிறது. சனசமூக நிலையத்தில் மூன்று மேசைகளைச் சேர்த்து ஊரின் வரைபடத்தை விரித்தார்கள். ஆளுக்கு ஐந்து பச்சை ஸ்டிக்கர், ஐந்து சிவப்பு. கம்பி போகலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு.

வேட்பாளர் இல்லாத தேர்தல்... யாருக்குத்தான் உற்சாகம் வராது? நரைத்த மீசைக்காரர்கள்கூட முண்டியடித்துக்கொண்டு ஒட்டினார்கள். எல்லாம் பச்சை! தில்ருக்ஷியின் முகமெல்லாம் பூரிப்பு.

அப்போதுதான் யோகம்மா வந்தார். கருவாடு போட்டுக் குடும்பத்தை நடத்துகிறவர். தன் ஐந்து சிவப்பையும் ஒரே இடத்தில் ஒட்டினார். பக்கத்தில் நின்றவர்களிடமும் சிவப்பைக் கேட்டு வாங்கி, அதையும் அங்கேயே... கடைசியில் வரைபடத்துக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

தில்ருக்ஷி பயந்துபோனார். அங்கே கோயிலா, மயானமா என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"கருவாடு காயப்போடுற இடம்," என்றார் யோகம்மா. "கம்பி வந்தா காகம் வந்து குந்தும். பிறகு நான் அங்க ஒண்டும் காயப்போட ஏலாது."

கம்பனியின் அறிக்கையில் வெளிநாட்டுப் பறவைகளுக்கு ஓர் அத்தியாயமே இருந்ததாம். நம்மூர்க் காகத்துக்கு ஒரு வரி இல்லை!

அப்படியென்றால் திட்டமே வேண்டாமா என்று கேட்டேன்.

"கரண்ட் வேணும். காகம்தான் வேண்டாம்."

இந்தப் பதிலுக்கு எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவது?

தில்ருக்ஷி யோசிக்கவில்லை. கொதிக்கிற வெயிலில் எங்களையும் கூட்டிக்கொண்டு கரைக்கே நடந்தார். சற்றுத் தள்ளி, பழைய டெலிபோன் கம்பி ஒன்று. அதில் காகங்கள் வரிசையாக — பந்திக்கு உட்கார்ந்ததுபோல! நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒன்று இறங்கி, காயப்போட்டிருந்த ஒரு சாளை மீனைக் கொத்திக்கொண்டு போனது. தில்ருக்ஷி காகங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதினார்.

நாலாம் நாள் தில்ருக்ஷியிடமிருந்து போன் வந்தது. கம்பியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றுகிறார்களாம்!

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சைக்கிளை எடுத்து, நிலாவெளி பஸ்ஸோடு போட்டி போட்டு மிதித்தேன். யோகம்மா மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "நல்லம்" என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"ரோட்டுக்கு அங்கால என்ர மச்சாளின்ர வளவு. அவவிட்டக் கேட்டவையோ?"

இவர்கள் இரண்டு பேரும் கதைத்து மூன்று வருஷம் என்பது ஊருக்கே தெரியும்.

தில்ருக்ஷியிடம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு போய், மச்சாள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டார். மச்சாளுக்குச் சம்மதம், வளவில் நிற்கிற முருங்கை மரத்தை மட்டும் வெட்டக் கூடாதாம்.

கருத்துக் கேட்கிற கம்பனிகளுக்கு ஓர் இலவச யோசனை — பேசாமல் யோகம்மாவை வேலைக்கு எடுங்கள்!