திரையில் உறைந்த சடங்குப் பட்டியல்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். உன்னிச்சையில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஒரு மில் போட்டு, கல்லடியில் மாடி வீடும் கட்டினேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் பழகியதும் ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லித்தந்து அல்ல. ஒற்றை விரல்தான், ஆனால் பிழை இராது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால், அன்றைக்கு அந்த விரல் விட்ட பிழையையும் நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மன் கோயிலில் சடங்கு ஏழு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்கு உரியது. குடி என்பது எங்களுக்குத் தாய் வழியில் வரும் வம்சம்; உயிர் போனாலும் அதை விட்டுக்கொடுக்கமாட்டோம். எந்தக் குடிக்கு எந்த நாள், அம்மனுக்கு மடை என்ற படையல் வைப்பது யார், விளக்கு எடுப்பது யார் என்று அந்த வருடம் பெரிய இழுபறி. மூன்று பின்னேரங்கள் கோயில் மண்டபத்தில் இருந்து பேசித் தீர்த்து, ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். தாள் முழுக்க வெட்டும் திருத்தமும். வெட்டுப்பட்ட பெயர் வெளியே தெரிந்தால் மறுபடி வாய்ச்சண்டை கிளம்பும். ஆகவே ஒருவரும் போனில் படம் எடுக்கக் கூடாது, சுத்தப் பிரதி எடுத்ததும் தாளை எரித்துவிட வேண்டும் என்று முடிவானது.

"சுத்தப் பிரதிய நான் என்ட வீட்டுக் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தாறன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

இன்னொரு குடியின் வண்ணக்கர், என்னைப் போலவே தன் குடிக்காகக் கோயில் நிர்வாகம் பார்ப்பவர், சிரித்தார். எனக்கு மச்சான் முறை. இளம் வயதிலிருந்தே எதிலும் என்னோடு போட்டி.

"அடி மச்சான், அடி. நாளைக்கு நாலு மணிக்கு நானே வந்து வாங்கி அச்சகத்துக்குக் கொண்டுபோறன். மெசின் உன்ன அடிக்காமப் பாத்துக்க."

மறுநாள் இரண்டு மணிக்குள் ஆறு நாளுக்கும் அடித்துவிட்டேன். ஏழாம் நாள் எங்கள் குடிக்கு உரியது. என் குடியின் முறை எழுத எனக்குத் தாள் எதற்கு? எழுந்து குசினிக்குப் போய்த் தாளை அடுப்பில் போட்டேன். அது சுருண்டு கருகும்வரை நின்று பார்த்தேன். திரும்பி வந்து மவுஸைத் தொட்டால் அம்பு அசையவில்லை.

அடித்ததை நான் சேமித்துவைக்கவில்லை. மில்லில் சாக்கு நிறைந்த பிறகுதானே வாய் தைப்போம்? அரைச் சாக்குக்கு யார் தைப்பார்கள்? அந்தப் பழக்கம்தான் என் தலையில் விழுந்தது.

பெட்டி பழையது, உள்ளே காற்றாடி மோட்டார்ச் சைக்கிள் போல இரைந்தது. நிறுத்திப் போட்டால் சரியாகும். ஆனால் ஆறு வரியும் போய்விடும். கரண்ட் போனாலும் அதே கதி. அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் மனப்பாடத்தை யார் நம்புவார்கள்? நானும் ஒரு குடியைச் சேர்ந்தவன். தாளை எரித்துவிட்டுத் தனக்கு ஏற்ற மாதிரி எழுதினான் என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், சடங்கு நின்றுவிடும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, இப்பிடி வேர்த்து ஒழுகுது?"

"ஒண்டுமில்ல. நீ பேன் சுவிச்சத் தொடாத. ஒரு சுவிச்சையும் தொடாத."

கீபோர்ட்டில் மூன்று கட்டைகளை ஒன்றாக அமுக்கினால் ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வரும் என்பது எனக்குத் தெரியும். அமுக்கினேன். திரை கறுத்தது. வெகுநேரம் கழித்துப் பட்டியல் வந்தது. எல்லாம் இங்கிலீசுப் பெயர்கள். பக்கத்திலே இலக்கங்கள். இலக்கம் எனக்குப் புரியும். மில்லில் எஞ்சின் திணறினால் எஞ்சினை நிறுத்தமாட்டோம்; அது இழுக்கிற பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். அதே வேலைதான். நான் தமிழ் அடித்த பக்கம் எந்தப் பெயரில் ஓடுகிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து, அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மவுஸ் வேலை செய்யாததால் கீபோர்ட் கட்டையாலேயே வரிவரியாக இறங்கி, சின்னதில் தொடங்கினேன். முதலாவதை முடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை முடித்ததும் திரையின் மூலையில் ஏதோ ஒரு சின்னப் படம் மறைந்தது. என்ன படம் என்று நினைவில்லை. மணி மூன்றரை. ஒரே பெயர் பதினொரு வரியில், பெரிய பெரிய இலக்கத்தோடு நின்றது.

"இன்டர்நெட்ட இத்தனை தரம் திறந்துபோட்டு வச்சது ஆரு?" என்று கத்தினேன்.

"விடியக்காலையில தேவாரம் கேட்டது நானா? மறுகா நெல்லு மெசின் பாத்ததும் நானா?" என்றாள் மனைவி குசினியிலிருந்து.

பதினொன்றையும் ஒவ்வொன்றாக முடித்தேன். ஒன்பதாவதில் காற்றாடியின் இரைச்சல் இறங்கியது. அம்பு அசைந்தது. என் ஆறு வரியும் அப்படியே இருந்தன. உடனே சேமித்தேன்; நம்பிக்கையில்லாமல் இன்னும் இரண்டு தரம் சேமித்தேன்.

பிறகு ஏழாம் வரியை அடிக்கப் போனால் இங்கிலீசு எழுத்து விழுகிறது. மூலையில் மறைந்த படம் தமிழ் அடிக்கிற புரோகிராம் என்பது அப்போதுதான் விளங்கியது. அதை மறுபடி எங்கே திறப்பது என்று எனக்குத் தெரியாது. பெட்டியை நிறுத்திப் போட்டால் வரலாம்; வராமலும் போகலாம். வாசலில் மோட்டார்ச் சைக்கிள் வந்து நின்றது. ஆறு வரியையும் பிரிண்டரில் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பழைய தாள எரிச்சாச்சா?" என்றார் மச்சான்.

"எரிச்சாச்சு."

"அடிச்சுப்போட்டு எரிச்சியா, எரிச்சுப்போட்டு அடிச்சியா?"

என் முகம் சொல்லிவிட்டது போலும். மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்தார். மூன்றாம் நாளில் விரல் நின்றது. அங்கேதான் அவர் குடியின் ஒரு பெயர் வெட்டுப்பட்டிருந்தது. பிறகு விரல் நகர்ந்தது.

"ஆறும் சரி. ஏழாம் நாள் எங்க?"

"அது என்ட குடி. நான் எழுதக்கூடாது. நீ எழுது."

பேனையை வாங்கினார். அவரும் என்னைப் போலத்தான் படித்தவர். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். விளக்கு எடுப்பவர் என்ற இடத்தில், மண்டபத்தில் முடிவானபடியே, என் தங்கையின் மகன் பெயரைத் தாமதமில்லாமல் எழுதினார். நான் இரண்டு தரம் வாசித்தேன். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை.